அண்ணி ஒன்றும் பேசவில்லை

மெர்சி அக்கா போய்விட்ட செய்தி ஒரே பிற்பகலில் மூன்று விதமாக எங்கள் வீட்டுக்கு வந்தது. முதலில், எங்களோடும் அக்காவோடும் தினமும் ரயிலில் வரும் ரத்னம்மா ஆன்ட்டி போன் செய்தார். அக்கா சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டார், பக்கத்து வீட்டார் கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் அதே ரயிலில் வரும் ஷபானா ஆன்ட்டியின் குரல் செய்தி வந்தது. விழவே இல்லையாம், நெஞ்சு வலிக்கிறது என்று தானே கதவைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினாராம், வழியில்தான் எல்லாம் முடிந்ததாம். கடைசியில் ஆலயத்திலிருந்து வந்தது: "நம் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அதில் சமையலறையும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

அம்மா என் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்துவிட்டார். காலர் கருகும் வாசனை வந்த பிறகுதான் இருவரும் அசைந்தோம். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. இந்த மூன்று செய்திகளையும் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "யாரு சொல்றா? எங்க நின்னுட்டு சொல்றா? மொதல்ல அத்தப் பாரு." அவர் குரலிலேயே அது என் காதில் கேட்டது. அதன் பிறகுதான் அழுதேன்.

நினைவு மலருக்காக ரயில் சிநேகிதிகள் சார்பில் ஒருவர் எழுதித் தர வேண்டும் என்று போதகர் கேட்ட செய்தி வந்தபோது எங்கள் ரயில் பெட்டியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பத்தாம் வகுப்பு மாணவி. என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் எங்கள் பெட்டியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் தமிழில் எழுதக்கூடியவர்கள் நானும் அம்மாவும்தான். அம்மா, "நீயே எழுது, எனக்குக் கை வராது" என்று சொல்லிவிட்டார். அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்தவர்களும், பாடகர் குழுவில் அவரோடு பாடியவர்களும், தங்கவயலிலிருந்து வரும் உறவினர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த மெர்சி வேறாக இருக்கலாம். நான் ஜன்னல் ஓரத்து எதிர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்த மெர்சி அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் ஒக்கலிபுரத்தில் இருக்கிறோம். அம்மா வைட்ஃபீல்டில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அதே பள்ளியில் நான் படிக்கிறேன். காலையில் சிட்டி ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் பாசஞ்சரில் மகளிர் பெட்டியில் போவோம். மெட்ரோ வந்த பிறகு நிறையப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். எங்கள் கூட்டம் மாறவில்லை. காரணம் கேட்டால் அக்கா சொல்வார்: "மெட்ரோல சத்தமாப் படிச்சா எறக்கி வுட்ருவான்."

அந்தச் சத்தமான படிப்பு எங்கள் பெட்டியின் வழக்கம். அது தொடங்கியது தற்செயலாக. எட்டாம் வகுப்பு விடுமுறையில் நான் அம்மாவிடம் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டு, வாய்விட்டுப் படித்தால்தான் புரியும் என்ற நிலையில் இருந்தேன். பள்ளியில் எனக்குக் கன்னடமும் இந்தியும்தான். ரயிலில் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே இருந்த ஷபானா ஆன்ட்டி, "அரே, கொஞ்சம் சத்தமா படி பேட்டி, நாங்களும் கேக்கறோம்" என்றார். பேட்டி என்றால் அவர் மொழியில் மகள். அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. ரத்னம்மா ஆன்ட்டியின் வீட்டுமொழி கன்னடம். ஆனால் தமிழ்ச் சீரியல் ஒன்றையும் விடமாட்டார். இப்படித் தமிழ் பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் நிறைந்து, படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்த பெட்டி அது. நான் படிப்பவள் ஆனேன்.

மெர்சி அக்கா சில நாள் கழித்து வந்து சேர்ந்தார். வேறு பெட்டியில் போய்க்கொண்டிருந்தவர், கதை படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாறி வந்தார். தங்கவயலில் தமிழ் வழியில் படித்தவர். என்னைவிட வேகமாகப் படிப்பார். புத்தகத்தை நீட்டினேன். "எனக்கு வேணாம்மா. நாள் பூரா காதுலதான் பொழப்பு. நீ படி, நான் கேக்கறேன்" என்றார். வைட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகள் பதிவாகியிருப்பதைக் கேட்டு, பேசிய ஊழியர் சரியாகப் பேசினாரா என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை.

பிறகு அம்மா பக்கம் திரும்பி, "ஒங்க பேரு இன்னா?" என்றார்.

"நித்யாவோட அம்மா" என்றார் அம்மா.

"அது தெரியுது, மூஞ்சிலயே எழுதி ஒட்டிக்கீது. ஒங்க பேரு?"

அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டு, "செல்வி" என்றார். அதுவரை பெட்டியில் யாரும் அதைக் கேட்டதில்லை. நித்யா அம்மா என்றே கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து அக்கா மட்டும் "செல்வி, தள்ளி ஒக்காரு", "செல்வி, தொக்கு சூப்பர்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

இப்போது, பல புத்தகங்கள் முடிந்து இந்த வருடம் நாங்கள் படித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா தன் பள்ளிப் பருவத்தில் படித்த பழைய நாவல் அது. அவர் தலைமுறையில் அதைப் படிக்காதவர்களே குறைவு என்பார்கள். அம்மாவின் பிரதிக்கு அட்டையும் பெயர்ப் பக்கமும் போய், மஞ்சள் அட்டை போட்டு பைண்ட் செய்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் அது மஞ்சப் புத்தகம்தான். கதையைச் சொல்பவன் சேது என்ற இளைஞன். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பெரியப்பா மகனான அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறான். அண்ணன் தாராளமானவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். அண்ணி கடுகடுப்பானவள், எதற்கும் முகம் கொடுக்காதவள். அடுத்த வீட்டுப் பெண்மேல் சேதுவுக்குக் காதல். வீடு கொஞ்சம் கொஞ்சமாக நொடித்துப் போகிறது. கடைசியில் சேது ஊரைவிட்டே கிளம்புகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் சேது அதைச் சொல்கிற விதம் இருக்கிறதே! தன்னையே கேலி செய்துகொள்வான். மழையைப் பற்றி இரண்டு வரி சொன்னால் நாமே நனைந்துவிடுவோம். எனக்கு அண்ணன் இல்லை, நெருங்கிய தோழியும் இல்லை. உண்மையாகச் சொன்னால், சேதுதான் எனக்கு இருந்த ஒரே சிநேகிதன். பெட்டியில் படிப்பதற்கு முன்பே அதை இரண்டு முறை வீட்டில் படித்திருந்தேன். பெட்டியில் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது என் வீட்டு ஆளைப் புகழ்வது போலப் பெருமையாக இருக்கும்.

பாதிக் கதையில் ஒரு நாள், ரயில் பையப்பனஹள்ளியில் நின்றுகொண்டிருந்தபோது, அக்கா சாதாரணமாகக் கேட்டார்: "நித்யா, அந்த அண்ணிக்குப் பேரு இன்னா?"

நான் உடனே வாயைத் திறந்தேன். புத்தகமே மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். முன்னும் பின்னும் புரட்டினேன். அண்ணன் பெயர் இருந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. வீட்டில் இருந்த பசுவுக்குக்கூடப் பெயர் இருந்தது. அண்ணிக்கு மட்டும் இல்லை.

"சரி வுடு. இன்னொண்ணு கேக்கறேன். சேது தெனம் சாப்புட்றான் இல்ல? 'சாப்பிட்டேன், கிளம்பினேன்'னு வருது. யாரு சமைச்சா?"

ரத்னம்மா ஆன்ட்டி சிரித்தார். "அடிகே தானே ஆகத்தா?" சமையல் தானாக ஆகிவிடுமா என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா அதோடு நிறுத்தவில்லை. தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால், உள்ளே நடந்ததையெல்லாம் கதை கதையாகச் சொல்வாராம். தெருவே கூடிக் கேட்குமாம். அக்காவின் அம்மாவும் காப்பி டம்ளரோடு கதவோரம் நின்று கேட்பாராம். "எங்கப்பா கீழ நடந்தத மேல வந்து சொல்லுவாரு. சும்மா சொல்லக் கூடாது, அப்பிடி சொல்லுவாரு. ஆனா மேல இன்னா நடந்துச்சின்னு ஒரு நாளும் கேட்டதில்ல. எங்கம்மாவும் சொன்னதில்ல. அவுரு பொய் சொன்னாருன்னு சொல்வியா? மாட்ட. அவுரு நின்ன எடம் அது."

அன்று வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் அண்ணி. சேது மழையைப் பார்த்து ரசிக்கிற பக்கத்தில், கொல்லையில் யாரோ விறகை உள்ளே இழுக்கிற சத்தம் ஒரு வரியில் கேட்கிறது. அந்த வரி முன்பும் அங்கேதான் இருந்தது. நான்தான் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தப் புத்தகம் இனி எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம். அப்படிப் போனால் எனக்கு வேறு ஆள் இல்லை.

மறுநாள் நான் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. ஷபானா ஆன்ட்டி கேட்டபோது தொண்டை வலி என்றேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஹூடி ஸ்டேஷன் தாண்டியதும், "தொண்டைலயா வலி?" என்றார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "நீங்க சேதுவை என்கிட்டேருந்து எடுத்துட்டீங்க அக்கா."

"நானா? நான் எங்கம்மா எடுத்துனு போனேன்? தோ, ஒன் பையிலதான கீறான்."

"அவன் பொய் சொல்றான்னு சொல்லிட்டீங்க."

"பொய்யின்னு எப்ப சொன்னேன்? அவன் பார்த்தத சொல்றான், பார்க்காதத வுட்டுர்றான். அப்பிடியே பொய்யின்னு வச்சுக்கோ. பொய் சொல்றவன வெறுக்கணும்னு எந்தச் சட்டத்துல கீது? அழகா சொன்னா ஒக்காந்து கேளு. பர்ஸ மட்டும் கைல கெட்டியாப் புடிச்சிக்கோ."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அம்மா தன் கைக்குட்டையை நீட்டினார். அக்கா சொன்னதை அப்போது நான் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: சேது பேசுகிற இடங்களில் பெட்டியிலேயே அதிகம் சிரிப்பவர் அக்காதான். அவன் சொல்வதை முழுசாக நம்பாதவர்தான் அவனை எல்லோரையும்விட அதிகமாக ரசித்தார். அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. புத்தகத்தை எடுத்தேன்.

அந்த வாரம் அக்காவின் அலுவலகத்தில் ஒரு விஷயம் நடந்தது. பெயர் எதுவும் சொல்லாமல்தான் எங்களிடம் சொன்னார். ஒரு வாடிக்கையாளர், "உங்கள் ஊழியர் வாயே திறக்கவில்லை" என்று புகார் செய்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பெண். வேலை போகிற நிலை. புகாரைப் படித்தவர்கள் எல்லோரும் புகாரைத்தான் படித்தார்கள். அக்கா அந்த அழைப்பை முதலிலிருந்து கடைசி வரை கேட்டார். அந்தப் பெண் "சார்" என்று தொடங்குகிறாள், அவர் மேலே ஏறிப் பேசுகிறார். மறுபடி "சார்" என்கிறாள், மறுபடி ஏறுகிறார். அழைப்பு முடிகிற வரை அதே கதைதான்.

"வாயத் தெறந்தா. அவுரு காதத் தெறக்கல. ஆனா நாளைக்கு அந்த ஆளு கோயில்ல நின்னு சத்தியம் பண்ணுவாரு, அந்தப் பொண்ணு ஒண்ணுமே பேசலன்னு. அவுருக்கு அது உண்மை."

"வேலை போச்சா?" என்று அம்மா கேட்டார்.

"எங்க போவும்? நான் ரெக்கார்டிங்க போட்டுக் காட்டினேன். இன்னிக்கு எனக்கு டெய்ரி மில்க் வாங்கிக் குடுத்தா." பையிலிருந்து எடுத்து, உடைத்து, எங்கள் எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

நான் அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அன்றைய அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். சேது முன்னறிவிப்பு இல்லாமல் நண்பர்கள் நாலு பேரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறான். படித்தேன்: "அண்ணி ஒன்றும் பேசவில்லை."

"நிறுத்து" என்றார் அக்கா.

நிறுத்தினேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகுவதுபோல் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு, எங்கோ ஒரு சமையலறையிலிருந்து பேசுகிற குரலில் சொன்னார்: "வாங்க, வாங்க தம்பிங்களா. எலையப் போட்டு ஒக்காருங்க. நான் இப்பத்தான் கழுவிக் கவுத்து வச்ச பானைய பாத்துனே சாப்புடுங்க."

பெட்டி அதிர்ந்தது. ஷபானா ஆன்ட்டி என் தோளில் விழுந்து சிரித்தார். அப்படித்தான் எங்கள் விளையாட்டு பிறந்தது. அந்த வாக்கியம் நாவல் முழுக்க வருகிறது. சேது எங்கெல்லாம் "அண்ணி ஒன்றும் பேசவில்லை" என்கிறானோ அங்கெல்லாம் நான் நிறுத்த வேண்டும். அண்ணி பேச வேண்டும். நிலா வெளிச்சத்தில் மாடியில் உலாவிக்கொண்டு அடுத்த வீட்டுப் பெண்ணை நினைத்து சேது உருகுகிற இடத்தில் அக்கா சொன்னார்: "உருகு, நல்லா உருகு. காயப் போட்ட வத்தல மட்டும் மிதிக்காத." புதிதாக ஏறுகிறவர்கள் என்ன நடக்கிறது என்று கேட்பார்கள். விளக்கிச் சொன்னால் அவர்களும் அடுத்த "பேசவில்லை"க்குக் காத்திருப்பார்கள். ஷபானா ஆன்ட்டியும் ரத்னம்மா ஆன்ட்டியும் தங்கள் தங்கள் மொழியில் அண்ணியாகப் பேசிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் ஒருமுறையும் பேசவில்லை. "எனக்கு வராது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அக்காவை நான் மிகவும் மதிப்பது இதற்காகத்தான். விளையாட்டு நன்றாகச் சூடு பிடித்த பிறகு நான் அண்ணியின் கட்சிக்கு மொத்தமாக மாறிவிட்டேன். சேதுவின் வரிகளை மூக்கால் பேசி, இளித்து, அவனை ஒரு அயோக்கியனாகப் படிக்க ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"இன்னா நித்யா, சினிமா வில்லன் மாதிரி படிக்கிற?"

"அவன் வில்லன்தானே அக்கா?"

"அவனுக்கு அப்ப இன்னா வயசு?"

"இருபது இருக்கும்."

"இந்தக் கதைய எழுதறப்ப?"

நான் யோசித்தேன். முதல் அத்தியாயத்திலேயே அவன் சொல்கிறான், தலை நரைத்துவிட்டது என்று. ஒரு வரிதான், நாம் அதைத் தாண்டி ஓடிவிடுவோம்.

"கெழவன்" என்றேன்.

"ஆங். கெழவன் ஒக்காந்து எழுதறான். வேணும்னா அண்ணியே இல்லாம எழுதியிருக்கலாம் இல்ல? கேக்கறதுக்கு யாரு கீறா? ஆனா எழுதறான். அண்ணி பேசல, அண்ணி பேசல, அண்ணி பேசலன்னு எத்தினி வாட்டி எழுதறான் பாரு. கேக்காதவன் எழுத மாட்டாம்மா. இத்தன வருசம் கழிச்சி அந்த மௌனம் இப்பத்தான் அவன் காதுல வுழுது. அவ இன்னா பேசியிருப்பான்னு அவனுக்குத் தெரியாது. அதனாலதான் அந்த எடத்த வுட்டு வச்சிக்கீறான். நமக்காக."

ரயில் ஆடிக்கொண்டே போனது. என் மடியில் மஞ்சள் புத்தகம் கனமாகிவிட்டது போலிருந்தது. ஒரே சமயத்தில் எனக்கு இரண்டு சேதுக்கள் கிடைத்தார்கள்: சிரித்துக்கொண்டே மாடியில் நடக்கிற பையன் ஒருவன், கீழே சமையலறை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற கிழவன் ஒருவன். முன்பு ஒருவனை மட்டும் நேசித்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போய் முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். மழை முன்பைவிட நன்றாகப் பெய்தது. இந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம் அதோடு போனது. அது திரும்பி வராது.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கியிருந்தது. அதில் சேது பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடைபெறும்போது அந்த வாக்கியம் கடைசி முறையாக வருகிறது என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அதற்கு முந்தைய அத்தியாயத்தை முடித்தோம். "அந்த இடத்துல என்ன சொல்லப் போறீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"வச்சிக்கீறேன் ஒண்ணு. திங்கக்கெழமை கேளு."

"இப்பவே சொல்லுங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

வைட்ஃபீல்ட் வந்துவிட்டது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். நான் அவர் பின்னாலேயே போய், படியில் நின்று மறுபடி கேட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என் சடையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நடைமேடைக் கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பலர் பேசினார்கள். சிரித்த முகம் என்றார்கள், பொறுமைசாலி என்றார்கள். உறவினர் ஒருவர் அழுதுகொண்டே, "கல்யாணம் பண்ணாம, யாருமே இல்லாம தனியாவே இருந்துட்டா" என்றார். ரத்னம்மா ஆன்ட்டி என் பக்கம் குனிந்து, "நாவு யாரு மத்தே?" என்று கேட்டார். அப்படியானால் நாம் யார்? அந்த உறவினர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து எங்கள் பெட்டி தெரியாது.

அதன் பிறகு கொஞ்ச நாள் பெட்டியில் யாரும் படிக்கச் சொல்லவில்லை. அக்காவின் இருக்கையில் யாரும் உட்காரவில்லை. கூட்டம் அதிகமான நாளில் மட்டும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஷபானா ஆன்ட்டியே அங்கே உட்கார வைத்தார். புத்தகம் என் பையிலேயே வந்து போனது. கடைசி அத்தியாயத்தைப் படிக்கவே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். படிக்காதவரை அக்கா வைத்திருந்த அந்தப் பேச்சு எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

போன வாரம் ஷபானா ஆன்ட்டி, "நிகால் பேட்டி, புக்க எடு" என்றார். "பாதியில வுட்டா அவ வந்து திட்டுவா."

எடுத்தேன். படித்தேன். குரல் இரண்டு மூன்று இடங்களில் உடைந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. சேது பெட்டியைத் தூக்கிக்கொள்கிறான். அண்ணன் வாசல்வரை வந்து ஏதேதோ தமாஷ் சொல்கிறார். சேது உள்ளே பார்த்து, போய்வருகிறேன் என்கிறான். "அண்ணி ஒன்றும் பேசவில்லை" என்று படித்தேன். பழக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

கே.ஆர்.புரத்தில் ரயில் நின்றிருந்தது. மல்லிகைக் கூடையோடு ஒருவர் ஏறினார். எல்லோரும் அந்த இருக்கையையே பார்த்தோம். ஷபானா ஆன்ட்டிதான் முதலில், "ஜா பேட்டா, நல்லா இரு" என்றார், போ மகனே என்று, அண்ணியின் குரலில் இல்லை, தன் குரலிலேயே. ரத்னம்மா ஆன்ட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஊட்டா மாட்கொண்டு ஹோகப்பா" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று. இரண்டும் நல்ல பேச்சு. ஆனால் இரண்டும் அக்கா வைத்திருந்தது இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் கிளம்பியது.

அப்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அம்மா சொன்னார்:

"இத்தன வருசம் எங்கையால சாப்ட்டியே தம்பி. எம் பேரு என்னான்னு தெரியுமா ஒனக்கு?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பிறகு ஷபானா ஆன்ட்டி எட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் முறையாக, "செல்வி" என்றார். "செல்வி, இதுதான். அவ வச்சிருந்தது இதுதான்." அது உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது; இனித் தெரியப்போவதும் இல்லை. நான் மிச்சப் பக்கத்தைப் படித்து முடித்தேன். இப்போது பெட்டியில் எல்லோரும் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அக்காவிடமிருந்து எனக்குப் பொருளாக எதுவும் வரவில்லை. அந்தச் சாக்லேட்டின் நீலக் காகிதத்தைக்கூட அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன். நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் சொன்ன ஒரு சொல்: "நிறுத்து." கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, சொல்பவன்மேல் ஆசையாக இருக்கும்போது, அங்கே ஒருவர் பேசவில்லை என்று அவன் சொன்னால், நான் நிறுத்துகிறேன். யார் சொல்கிறார்கள், எங்கே நின்று சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன். பிறகு மேலே படிக்கிறேன், முன்பைவிட ஆசையாக.

இந்தக் கதையைச் சொன்னவள் நான். எதிர் இருக்கையிலிருந்து எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன். மேலே ஓரிடத்தில், வைட்ஃபீல்ட் நடைமேடைக்கு இறங்கும் படியில், "அக்கா ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அவரைத் தெரிந்தவர்களே, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.